இரண்டாம் திரையில் என் பெயர்

2007 டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். ஐந்து இருபதுக்கு ராமநாதபுரத்தில் பேருந்து ஏறினேன். ஆறே முக்காலுக்குப் பாம்பனில், நான் எழுத்தராக இருந்த படகுச் சங்கத்தின் கதவைத் திறந்தேன். மேசையைத் துடைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்தேன். முந்தின நாள் கடலுக்குப் போன படகுகளில் எவை திரும்பின என்று குறிக்க உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை எப்போதும் இதுதான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன படகெல்லாம் கரை சேரும்வரை பட்டியல் நோட்டை மூடமாட்டார்கள். மூடினால் யாரோ வராமல் போவார்கள் என்று நம்பினார்கள். நோட்டு போய்க் கணினி வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

கணினியில் லினக்ஸ் போட்டு அமைத்தவன் நான்தான். படத்தோடு வரும் நுழைவுத் திரையில் யாருடைய பெயரும் தெரியாதபடி செய்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பத்து நிமிடம் தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைகள் ஆறு இருந்தன. பழைய இயந்திரம் தாங்காது என்று நான்கை அடைத்து, இரண்டை வைத்துக்கொண்டேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் இரண்டு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டாம் திரை வரும். பட்டியல் அதில்தான் இருந்தது. படகுகள் திரும்பும்வரை அதில் என் பெயரில் நுழைந்தபடியே விட்டுவிட்டுப் போவேன். முன்கதவுக்கு அவ்வளவு பூட்டுப் போட்டவன், வழக்கத்தை மதித்துப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

அன்று பட்டியலில் ஒரு படகு கூடுதலாக இருந்தது. திங்கட்கிழமை மாலை 6.32க்குக் கடலுக்குப் போகச் சீட்டு கொடுத்ததாகப் பதிவு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கே துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியாயிற்று. அதன் பிறகு யாருக்கும் சீட்டு கிடையாது. நான் மாலை ஐந்து பத்துக்கே வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டேன். ஆனால் பதிவு செய்தவர் என்ற இடத்தில் இருந்தது என் பெயர். படகு சங்கச் செயலாளருடைய மைத்துனருடையது. அலுவலகச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று என்னிடம், இன்னொன்று செயலாளரிடம்.

பிற்பகல் நான்கு மணிக்கு அந்தப் படகு வந்தது. மேல்கூடு நொறுங்கியிருந்தது. ஒரு தொழிலாளிக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவர் மனைவி நேராக என் மேசைக்கு வந்தார்.

"கூண்டு ஏத்துன பொறகு சீட்டு எழுதிவிட்டது நீங்கதானா?"

"நான் இல்லம்மா."

"ஒங்க பேருதான் இருக்குன்னு சொல்றாக. அவரு இனி எந்தக் கையால வலை இழுப்பாரு? சொல்லுங்க."

செயலாளர் பக்கத்து அறையில் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. திங்கள் மாலை ஐந்து பத்துக்குப் பேருந்து ஏறியதாக நான் எழுதியிருந்த நாட்குறிப்பை எடுத்துக் காட்டினேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீரு எழுதுன டைரிக்கு நீரே சாட்சியா? நல்லாருக்குய்யா."

"வானம் பாத்த பூமிக்காரரு," என்றார் ஒருவர். "கூண்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் அவருக்கு என்னத்தத் தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும்தான்.

கணினியே சொல்லட்டும் என்று, யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று காட்டும் கட்டளையை அவர்கள் முன்னால் அடித்தேன். படத்திரையிலிருந்து நான் திங்கள் மாலை 4.50க்கு வெளியேறியதாக வந்தது. அடுத்த வரியில் இரண்டாம் திரை: திங்கள் காலை 6.50க்கு நுழைந்தவர், இன்னும் உள்ளே இருக்கிறார். என் பெயர்தான்.

"பாத்தீகளா, இன்னும் உள்ளதான் இருக்காராம்," என்றார் செயலாளர். எந்தப் பொத்தான்களை அழுத்தினால் அந்தத் திரை வரும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். நான் விடுப்பில் இருக்கும் நாளில் படகுக்காரர்கள் காத்துக் கிடக்கக் கூடாதென்று காட்டினேன்.

"கை யாருடையது என்று கணினி பார்க்காது," என்றேன்.

"நாங்களும் பாக்கல," என்றார் தலைவர். "ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டுப் போரும். ஒம்ம வேலை இருக்கும்."

கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தார். கடிதத்தைத் தலைவர் அவருக்கு வாசித்துக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை எங்கே கண்டாலும் அவர் பார்ப்பதில்லை. அவர் கணவரை என் கையால் அனுப்பினேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கடிதத்தை எழுதாமல் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

மறுநாள் புதன்கிழமை ஆறு நாற்பதுக்கு அலுவலகத்தைத் திறந்தேன். மேசையைத் துடைப்பதற்கு முன், ஐந்து நிமிடம் யாரும் தொடாத எழுத்துத் திரை தானாகவே வெளியேறும்படி ஒரு வரி எழுதிச் சேமித்தேன். பிறகு சோதித்துப் பார்க்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.