நூற்றுக்கு ஐந்து பங்கு

சந்தூவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஸ்டாக்டன் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். போலீஸ் காரைக் கண்டால் நின்ற இடத்திலேயே வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள்தான் அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? தடுக்கவில்லையே!

இருபத்திரண்டு வருடமாக அவளுடைய டோனட் கடை. அவள் எண்ணெய்ச் சட்டியில், நான் கல்லாவில். கட்டடச் சொந்தக்காரர் அதை விற்கப்போவதாக அறுபது நாள் கெடு வைத்தார். நாமே வாங்கிவிடலாம், அரசாங்க உத்தரவாதத்தோடு கடன் தருகிறார்களாமே என்று பாங்குக்குப் போனோம்.

கடன் பிரிவில் இருந்த லூர்தெஸ் நல்ல பெண்தான். "ரூல் மாறிடுச்சு ஆன்ட்டி. ஒரு பர்சென்ட் பங்கு இருந்தாலும் அவங்க சிட்டிசனா இருக்கணும், இல்லேன்னா கிரீன் கார்டாவது வேணும். ஆறு மாசத்துக்குள்ள பங்கை விட்டு விலகினவங்களும் இதுல சேர்த்திதான். உங்களைத் தவிர வேற யாராவது உண்டா?"

"யாருமில்லே," என்றாள் சந்தூ. ஃபார்மிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் தம்பி வியஸ்னா, குடும்பம் கம்போடியாவிலிருந்து தப்பி ஓடிய காலத்தில் தாய்லாந்து அகதி முகாமில் பிறந்தவன். பதினெட்டு வயதில் அடிதடி வழக்கில் சிறைக்குப் போனான். கிரீன் கார்டு போயிற்று, நாடு கடத்தும் உத்தரவும் வந்தது. கண்ணாலேயே பார்த்திராத கம்போடியாவுக்கு! இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். அவன் வெளியே வந்த வருடம், சித்திரைப் புத்தாண்டன்று பெரியவர்கள் அவன் மணிக்கட்டில் சிவப்பு நூலைக் காப்பாகக் கட்டினார்கள். இவள் நூலோடு விட்டாளா? கடையில் நூற்றுக்கு ஐந்து பங்கையும் எழுதிக் கொடுத்தாள். வீடு திரும்பியவன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இதற்கெல்லாம் யார் வக்கீலைக் கேட்கிறார்கள்?

பாங்குக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பொய் சொன்னா ஜெயில்னு அதுலயே போட்டிருந்துச்சுடி. பேரைச் சொன்னா அவன் போயிடுவான், சொல்லாட்டி நான் போயிடுவேன்."

மூன்றாம் நாள் லூர்தெஸ் போன் செய்து கடையின் பங்குப் பத்திரத்தைக் கேட்டாள். அதில் அவன் பெயர் இருக்கிறது. சந்தூ மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுது புலம்பியதைக் கடைப் பின்கட்டில் இருந்த வியஸ்னா கேட்டுவிட்டான்.

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே அவன் பாங்கில் உட்கார்ந்திருந்தான். பங்குப் பத்திரமும் நாடு கடத்தும் உத்தரவும் மேசைமேல் கிடந்தன.

"அக்காவுக்கு ஃபார்ம் புரியலைங்க. அஞ்சு பர்சென்ட் எனக்கு இருக்கு. திருத்திக்கோங்க."

சந்தூ அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். "கட்டையிலே போறவனே, யாருடா உன்னை வரச் சொன்னது?"

"என்னை என்னிக்கோ ஒருநாள் அனுப்பத்தான் போறாங்க அக்கா. நீயும் உள்ளே போயிட்டா அம்மாவுக்கு யாரு சோறு ஊட்டுவா?"

லூர்தெஸ் அந்த உத்தரவை முழுக்கப் படித்தாள். பிறகு அவன் பக்கமே தள்ளினாள். "கடன் கிடைக்காது ஆன்ட்டி. விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கிட்டதா எழுதிடறேன். இதை நான் காப்பி எடுக்கலை."

எடுக்கவில்லை என்றுதான் சொன்னாள். நம்பாமல் வேறு என்ன செய்வது?

கட்டடத்தை வேறு யாரோ ஒருவர் வாங்கிவிட்டார். மாதா மாதம் அவர் தயவில் கடை ஓடுகிறது. யார் உள்ளே வந்தாலும் சந்தூ முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறாள். நாடு கடத்த வரும் அதிகாரிகள் போடுகிற மாதிரி கனத்த கறுப்பு பூட்ஸ் தெரிந்தால், "வியஸ்னா, குப்பையைக் கொண்டுபோய்ப் போடு!" என்று கத்துகிறாள். அவனும் காலிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போகிறான். நேற்று வந்தவர் தபால்காரர். அவர் போனதைச் சொல்ல எங்களுக்கு மறந்துவிட்டது. குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்திருக்கிறான்.