இரண்டாவது சாவி

மதலேனா அக்காவுக்கு இந்தக் கண்டியில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. கட்டுகலையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் அவளும் தையல் மிஷினும்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஊரு மாப்பிள்ளைங்களுக்குச் சட்டை தைச்சே வயசு போயிருச்சு" என்று சிரிப்பாள். கொழும்பில் யோசப்பின் என்று ஒரு தங்கை இருந்தாள். தாயை அடக்கம் செய்த அன்று வந்த சண்டைக்குப் பிறகு அவள் ஒரு கடதாசிகூடப் போட்டதில்லை.

ஆனால் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் இவளை நம்பினார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது. உள்ளே இருக்கிற புருஷன்மாரிலும் பாதிப்பேர் தோட்டை விற்றுக் கள்ளுக் குடிக்கிற ரகம். அதனால் தோடு, மூக்குத்தி, அட்டியல் எல்லாவற்றையும் துணியில் முடிந்து இவளிடம் கொடுத்து வைப்பார்கள். நாள் கிழமைக்கு வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்து தருவார்கள். அந்த நாட்களில் அவள் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை போதாது. என்னிடம் இரவல் வாங்குவாள். அந்தக் கலகலப்புக்காகவே அவள் நகைகளைக் காத்தாள் என்று சத்தியம் செய்வேன்.

முப்பத்திரண்டாம் வருஷம் எதிர்வீட்டில் கள்ளன் புகுந்து அலுமாரியை உடைத்தான். மறுநாளே அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஹபீல் நானாவின் இரும்புக் கடைக்குப் போனாள். விலை குறைந்த பெட்டி ஒன்றை அவள் தொட்டதும் நானா விரலால் தட்டிக் காட்டினார்.

"இது தகரம். கள்ளன் தோள்ல தூக்கிட்டுப் போய் ஆறுதலா உடைப்பான். நாலு பேர் தூக்கேலாத பெட்டியா எடுங்க. நிலத்தோட ஆணி அடிச்சுத் தாறன்."

தையலில் சேர்த்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குப் போனது. வீட்டில் பொருத்திக் கொடுத்துவிட்டு நானா இரண்டு சாவிகளை நீட்டினார்.

"ஒண்டு உங்கட கையில. மத்தது இந்த ஊட்டுக்குள்ள இரிக்கப்படாது. நம்பிக்கையான ஆள் ஒருத்தர்ட்டக் குடுத்து வைங்க. முதல் சாவி தொலைஞ்சா பெட்டியை வெட்டத்தான் வேணும்."

பெட்டி கிடைத்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. மாதா கோயில் சாமியிடம் கேட்டாள். தனக்கு மாற்றல் வரப்போகிறது என்று அவர் தட்டிக்கழித்தார். பிறகு ஒரு நாள் என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"டொரதி, அந்த மத்தச் சாவிய நீ வச்சுக்கிறியா?"

எனக்கு வாய் முந்திவிட்டது. "ஐயோ அக்கா! நாளைக்கு ஒரு மூக்குத்தி குறைஞ்சாலும் ஊரே என்னைத்தானே பாக்கும்? வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கச் சொல்றீங்களா?"

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டாள். அடுத்த வாரம், யோசப்பினுக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. "பாத்தீங்களா, தான் ஆடாட்டியும் தசை ஆடும்" என்று பெரிய மனுஷி மாதிரிப் பேசவும் பேசினேன்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கெட்டம்பே ஆற்றில் குளிக்கும்போது, அவள் கழுத்துக் கயிறு அறுந்து சாவி ஆற்றோடு போனது. மறுநாள் காலை இரத்தினம்மா தோட்டத்திலிருந்து வந்து நிற்கிறாள். திங்கட்கிழமை மகளுக்குக் கல்யாணம். அட்டியலும் தோடும் பெட்டிக்குள்.

நான் விஷயத்தைச் சொல்லி, மற்றச் சாவி கொழும்புத் தங்கையிடம் என்றதும் இரத்தினம்மா பதறினாள். "தங்கச்சிக்குத் தந்தி அடிங்கம்மா! யாராச்சும் ராத்திரி ரயில் கோச்சியில கொண்டாந்துருவாங்க."

"விலாசத்தச் சொல்லுங்க அக்கா, நானே போய் அடிக்கிறேன்" என்று நானும் குதித்தேன்.

மதலேனா அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். "அங்க இல்ல. பெட்டிக்குள்ளதான் இருக்கு."

"என்னம்மா சொல்றீங்க? சாவியப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுவாங்களா?"

"குடுக்க ஆள் இல்லையே, இரத்தினம்மா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

ஹபீல் நானா ஆள் கொண்டுவந்து, உளியும் சம்மட்டியுமாக மத்தியானம்வரை அடித்துக் கதவைப் பிளந்தார். ஒரு முடிச்சும் குறையவில்லை. இரத்தினம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள். போனவள் திருப்பிக் கொண்டுவரவில்லை. செய்தி பரவ, மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, "ஒங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்" என்று மரியாதையாகவே வாங்கிப் போனார்கள். மாதம் முடிவதற்குள் பெட்டி காலி. வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான்.

கடைசித் தட்டில் ஒரு சின்னப் பட்டுப் பை மிஞ்சியிருந்தது. உள்ளே அந்தச் சாவி. வெளியே சிவப்பு நூலில் 'டொரதி' என்று பூவேலை. நான் மாட்டேன் என்ற பிறகு யார் இதைத் தைப்பார்கள்? கேட்க வருமுன்பே தைத்து வைத்திருக்கிறாள்.

"அக்கா, அத எனக்குத் தாங்க. நான் வச்சுக்கிறேன்."

"எதுக்கு டொரதி? இனி அது ஒண்ணையும் தொறக்காதே."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "துணி நல்ல துணி, வீணாகக் கூடாது" என்று பையை மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் என் பெயரை ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள்.