டேப்புக்காரர் மரம் ஏறினார்

இருபத்தேழு வருஷம் ஜன்னல் அளந்தவர் அவர். திரைச்சீலைக் கடையில் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் அந்த வீட்டு ஜன்னலை அளந்து முடித்திருப்பார். இடுப்பில் எப்போதும் டேப் தொங்கும். அதனால் தெருவில் அவருக்கு டேப்புக்காரர் என்றே பெயர். நீளத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எடையில் மட்டும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார். தம் எடை எழுபத்தைந்து என்று பத்து வருஷமாகச் சொல்லிவந்தார்.

தயாராகத் தைத்து வரும் திரைச்சீலைகளை ஜனங்கள் வீட்டில் இருந்தபடியே போனில் வாங்கத் தொடங்கியதும் கடை மூடப்பட்டது. அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒரு மாதம் வீட்டிலேயே இருந்து, நன்றாக இருந்த அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றி மறுபடி மாட்டினார். அதன் பிறகு அவை சரியாக மூடவில்லை. அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டில் மரம் வெட்ட நான்கு பேர் வந்தார்கள். நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலை முதல் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தபோது முடிவைச் சொன்னார்.

"மரம் வெட்டுற தொழில் ஆரம்பிக்கப் போறேன்."

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் வீடுவீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவள். அதற்கென்று படித்துத் தேறியவள். எதற்கும் பதறாதவள்.

"ஏங்க, உங்களுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?"

"கயிறு தெரியும். இத்தனை வருஷமா கயித்தோடதானே குடித்தனம்."

"அது திரைச்சீலைக் கயிறு. அறுந்தா வெயில் வரும். இது அறுந்தா ஆள் போயிடும். போய் ஒழுங்கா கத்துக்கிட்டு வாங்க."

ஆறு வாரம் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போனார். மரத்தை வெட்டுவது பெரிய காரியமே இல்லை, வெட்டிய கிளையைப் பத்திரமாகக் கீழே இறக்குவதுதான் காரியம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உயரத்தில் ஒரு கப்பி. அதன் வழியாக ஓடும் கயிற்றின் ஒரு முனை வெட்டப்போகும் கிளையில். மறு முனை, மரத்தின் அடியில் கட்டிய இரும்பு உருளையைச் சுற்றிக் கீழே நிற்பவர் கையில். உருளைதான் பாரத்தைத் தாங்கும்; ஆள் கயிற்றை மெல்ல விட்டுக்கொடுத்தால் போதும். சான்றிதழோடு வந்தார். அதைக் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் உயரமாக மாட்டினார்.

தொழிலுக்குக் கூட்டாளி, மனைவியின் தம்பி. நாற்பது வயது, பேக்கரியில் மாவு பிசைபவர், எண்பத்தெட்டு கிலோ. தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் இருந்த மரத்தில் ஒத்திகை வைத்துக்கொண்டார்கள். உருளை இன்னும் பெட்டியில் இருந்தது. பிரித்துக் கட்ட அரை மணி நேரம் ஆகும்.

"அது எதுக்கு மாமா? நானே உருளை மாதிரிதானே இருக்கேன்" என்று கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார் தம்பி. "கிளை எவ்வளவு இருக்கும்?"

"அறுபது கிலோ. கண்ணாலேயே தெரியுதே."

ரம்பம் ஓடியது. கிளை கீழே வந்தது. தம்பி மேலே போனார். வழியில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்தார்கள். கிளை தரையில் உட்கார்ந்தபோது தம்பி எட்டடி உயரத்தில், ஒரு செருப்போடு தொங்கிக்கொண்டிருந்தார்.

டேப்புக்காரர் பதறிப்போய் இறங்கி, கிளையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்க ஓடினார். சாப்பாடு கொண்டு வந்திருந்த மனைவி வேலியருகிலிருந்தே சொன்னாள்: "கிளையத் தொடாதீங்க. அதை அவிழ்த்தா அவன் கீழ வந்துடுவான்."

அவர் கை அப்படியே நின்றது. அவள் ஏணியைச் சாய்த்து, தம்பியை இறக்கி, விலாவை அழுத்திப் பார்த்தாள்.

"மூச்ச இழு. விடு. வலிக்குதா?"

"மானம்தான் வலிக்குது அக்கா."

"அதுக்கு மருந்து இல்ல."

பிறகு வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள். கிளையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மொத்தம் நூற்று முப்பத்தொரு கிலோ. டேப்புக்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே அவள் சட்டம் போட்டாள். நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கும் தொட்டில் பட்டையைத் தினமும் கையாள்பவள் அவள். பட்டையில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு நோயாளியையும் அவள் தூக்கியதில்லை. இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் "தூக்கலாமா?" என்று கேட்டு, மற்றவர் "தூக்கலாம்" என்று சொல்லாமல் விரல்கூட அசையக்கூடாது. மரத்துக்கும் அதேதான். இனிமேல் கீழே கயிறு பிடிக்கப்போவது அவள். வெட்டுவதற்கு முன் அவர் எடையைச் சொல்லி "வெட்டலாமா?" என்று கேட்கவேண்டும். அவள் "வெட்டுங்க" என்றால்தான் ரம்பம் ஓடும். கிளையில் மாட்டுவதற்கு அவர் ஆசையாக வாங்கியிருந்த பட்டைகளில் எழுத்து அழிந்திருந்த ஒன்றைக் கத்தரியால் இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டாள். அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான்கு மணிக்குச் சாப்பிட்டார்.

எடை பழகுவதற்காகக் கண்ணில் பட்டதை எல்லாம் மதிப்பிட்டார். பூந்தொட்டி, கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு அம்மா.

"எழுபத்திரண்டு."

"வெளியில சொல்லிடாதீங்க. கயிறு இல்லாமலே தொங்க விட்டுடுவாங்க."

முதல் வேலை அவள் மூலமாகவே வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். கால் விழுந்துவிட்டது, வாய் விழவில்லை. அவர் படுத்திருந்த அறையின் ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு பெரிய கிளை, காற்றில் விரிசல் விட்டு நின்றது.

"கூரை உடைஞ்சா எம்மவன் என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல போட்டுடுவான்மா. காரணம் தேடிக்கிட்டே இருக்கான். ஒரு ஓடு போதும் அவனுக்கு."

"ஒரு ஓடும் உடையாது" என்றாள் அவள். கிளையைப் பார்க்கக் கூட வந்திருந்த டேப்புக்காரர் கூரையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

வேலை நாளன்று டிரைவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டின் மறுகோடிக்குத் தள்ளிப்போனாள். அங்கே இருந்த ஜன்னலில் மரம் தெரிந்தது. அதனால் திட்டிக்கொண்டே சம்மதித்தார். தம்பி தூரத்தில் நின்று, கிளை கூரைப் பக்கம் திரும்பாமல் இழுக்கும் வழிக்கயிற்றைப் பிடித்தார். கையில் மட்டும் பிடித்தார். சின்னக் கிளைகள் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வாங்கி, பூப்போல இறங்கின. கடைசியில் அந்த விரிசல் கிளை மட்டும் நின்றது.

"எண்பது கிலோ. வெட்டலாமா?"

அவள் கிளையைப் பார்த்தாள். முந்தின நாள் மழையில் இலை எல்லாம் நனைந்திருந்தது. உடம்பெல்லாம் கொடி வேறு.

"இது எண்பது இல்லங்க. நூத்தம்பதுக்குக் குறையாது. பாதியா வெட்டுங்க."

"பாதின்னா மறுபடி முனை வரைக்கும் போய்க் கட்டணும். நான் இது பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வெட்டலாமா?"

அவள் கயிற்றை உருளையில் இறுக்கிக் கட்டிவிட்டு, பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"ஏம்மா, கேக்குதா? வெட்டலாமான்னேன்."

ரொட்டி முடிந்தது. தண்ணீர் குடித்தாள். தெருவில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். தம்பி மேலே பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் செருப்பைப் பார்ப்பது நல்லது என்று முடிவுசெய்தார். ஜன்னலிலிருந்து டிரைவரின் குரல் வந்தது: "சிக்னல் விழலன்னா வண்டிய எடுக்கக்கூடாதுப்பா. நான் ஒருதரம் நாலு மணி நேரம் நின்னிருக்கேன். உனக்கு இப்பதான் இருபது நிமிஷம்."

டேப்புக்காரர் கூரையைப் பார்த்தார். ஓடுகளின் மேல் கிளையின் நிழல் கிடந்தது. ரம்பத்தைத் தொட்டார். அதற்குப் பக்கத்தில் டேப் தொங்கியது. பழக்கதோஷத்தில் அதை உருவிக் கிளையை அளந்தார். காலி மனையில் தம்பியைத் தூக்கிய கிளையைவிட இது ஒன்றேகால் அடி கூடுதல் நீளம். தடிமனும் கூட. நீளம் அவரிடம் பொய் சொல்லாது.

"சரிம்மா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு கேட்கும் குரலில், "பாதி. நீயே எடையச் சொல்லு."

"தொண்ணூறு."

நகர்ந்து நகர்ந்து முனைப் பக்கம் போய், பட்டையை மாட்டி, பாதிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "வெட்டலாமா?"

"வெட்டுங்க."

கிளை முறிந்து கயிற்றில் தொங்கியது. உருளை முனகியது. அவள் கயிற்றைச் சாண் சாணாக விட்டாள், தம்பி இழுத்தார், ஈர இலைகள் ஓடுகளை ஒரு தரம் துடைத்துவிட்டு விலகின. மீதிப் பாதியும் அப்படியே இறங்கியது. மெஷினில் ஏற்றியபோது முதல் பாதி தொண்ணூற்று நான்கு காட்டியது.

"மெஷின் ஈரத்துல கெட்டுப்போச்சு போல" என்று சோதிப்பதற்காக டேப்புக்காரர் தாமே ஏறி நின்றார். எண்பத்து மூன்று. சத்தமில்லாமல் இறங்கினார்.

டிரைவரைப் பழைய அறைக்கே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ஓடுகளை இரண்டு தடவை எண்ணச் சொன்னார். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, வெயில் நேரா முகத்துல அடிக்குது. கிளை இருந்தவரைக்கும் நிம்மதியா இருந்தேன்."

டேப் ஏற்கெனவே ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் திரைச்சீலையோடு வந்தார். ஸ்டூலில் ஏறி, கம்பியைச் சுவரில் வைத்து, ஸ்க்ரூவைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஒண்ணரை கிலோ. மாட்டலாமா?"

அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இன்னொரு மடிப்பும் மடித்து, கட்டிலின் காலடியில் வைத்தாள்.

"மாட்டுங்க."