படுக்கைப் பேட்டரி

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். இருபத்தெட்டு வருஷம் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே ஊர் ஊராகச் சுற்றியவன் நான். ரிக்கை விற்றுவிட்டு நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்துக்கு வந்த பிறகும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பழைய வேனைப் பிடித்து, சங்ககிரியில் ஒரு பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், மின்விசிறி, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து நடமாடும் வீடாக்கினேன். இன்ஜினுக்கு ஒரு பேட்டரி. விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கு அடியில் இன்னொன்று. அதைப் படுக்கைப் பேட்டரி என்று சொல்வேன்.

போன சித்திரையில் ராய்ப்பூரிலிருந்து போன் வந்தது. மனைவியின் அக்கா குடும்பமும் ரிக் தொழிலில் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம்தான். அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன், அதற்கப்புறம் குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் இருமல் வந்துவிடுகிறது. "அதுக்குள்ள வந்து சேரு, உங்கூடப் பேசோணும்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

"ரயில்ல படுத்துக்கிட்டே போயரலாமுங்க" என்றாள் இவள். இவளுக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம், சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது.

"வேன் எதுக்கு அம்மிணி கட்டினது? திங்கக்கிழமை வெடியால கிளம்புனா புதன் சாயங்காலம் அங்க இருக்கலாம். வியாழன் பூராப் பேசு" என்றேன்.

சனிக்கிழமை மாலை, ஒரு மாதமாகப் படுக்கைப் பேட்டரியில் மாட்டியிருந்த சார்ஜரைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தேன். திங்கள் விடியற்காலையில் கதவைத் திறந்து ஸ்விட்சைப் போட்டால் விசிறி கிழவன் மாதிரி சுற்றுகிறது. ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டிய வோல்ட் பதினொன்றே முக்காலைக்கூடத் தொடவில்லை.

இன்ஜின் ஒரே திருகலில் கிளம்பியது. அதையும் சொல்லிவிட வேண்டும். இவளுடைய இன்சுலினை வைக்கத்தான் ஃபிரிட்ஜ். "ஐஸ் போட்டு தெர்மாஸ்ல வெச்சுக்கலாமுங்க, கிளம்புங்க" என்று கெஞ்சினாள். எனக்கு அது ஏறவில்லை. கோளாறோடு வண்டியை வாசலை விட்டு எடுக்கிறவன் டிரைவரே இல்லை என்பது எங்கள் தொழிலில் பால்குடியிலிருந்து ஊட்டியது. சார்ஜரை மாட்டினேன். பேட்டரியில் ஒயர் மாட்டும் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், வாசலின் தடவினேன். ஆறு அறையிலும் டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்தேன். பச்சை விளக்கு எரிய மாலை ஆகிவிட்டது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு ராத்திரி நிற்கட்டும், பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன். இவள் பயணத்துக்குக் கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய் காலையில் மறுபடி இறங்கியிருந்தது. சும்மா நின்ற வண்டியில்! எனக்கு வந்த கோபத்தில் பேட்டரி விற்றவனையும் சார்ஜர் செய்தவனையும் ஏழு தலைமுறைக்குத் திட்டினேன். பேட்டரியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் தெரிந்த கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அமிலத்தின் அடர்த்தியை அறை அறையாகப் பார்த்தார். கரண்ட்டை இழுத்துப் பார்க்கிற லோடு போட்டுச் சோதித்தார். சார்ஜரில் வருகிற வோல்ட்டையும் அளந்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. உங்க வண்டியிலதான் என்னமோ ஒண்ணு கரண்ட்டத் திங்குது" என்றார்.

"என் வண்டியில நானே ஒயரிங் பண்ணினது" என்றேன்.

"அதனாலதானுங்க சொல்றேன்" என்று சிரித்தார். முழுசாக ஏற்றிக் கொடுக்கச் சாயங்காலம் ஆயிற்று.

ராத்திரியே கொண்டுவந்து மாட்டிய பேட்டரி புதன் காலையிலும் இறங்கியிருந்தது, வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை மாட்டினேன். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கிறது, மீட்டர் இரண்டரை ஆம்பியர் காட்டுகிறது. விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கினேன், இரண்டரை. ஃபிரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜ் போடும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்போதும் இரண்டரை. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று அதைத் தூக்கி எறியப் போனேன்.

இவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தலையணையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மூன்று நாளாக அந்தப் பை அவள் மடியை விட்டு இறங்கவில்லை.

"இது சுத்திக்கிட்டே இருக்குதுங்களே, இதுக்கு கரண்ட்டு எங்கிருந்துங்க வருது?"

கண்ணாடிக்கு மேலே சாமி படம். அதைச் சுற்றி இரண்டு வரிசைச் சின்ன பல்புகள், படத்துக்குப் பின்னால் மோட்டாரில் சுழலும் ஒளிச்சக்கரம்.

"அதச் சேக்காத அம்மிணி, அது சாமி" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் படத்துக்குப் பின்னால் போகிற ஒயரின் மேல் என் கண் விழுந்தது.

நாங்கள் லாரியில் சாமி விளக்குக்கு ஸ்விட்ச் வைப்பதில்லை. யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் அபசகுனம். ஃபியூஸும் போட மாட்டோம், அது எரிந்தாலும் விளக்கு நின்றுவிடும். ஒயரை நேராகப் பேட்டரியில் கொண்டுபோய் முடிந்துவிடுவோம். தினமும் ஓடுகிற லாரியில் இன்ஜின் அதைப் பார்த்துக்கொள்ளும். அதே பழக்கத்தில் இந்த வேனிலும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்துக் கட்டியவன் நானேதான். வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு அது ஆகாது என்று தோன்றவே இல்லை. எனக்கு அது சாமி. பேட்டரிக்கு அது லோடு.

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒயரை வெட்ட மனசு வராமல் நின்றேன். இவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"கோயில்லயே மத்தியானம் நடை சாத்தறாங்க. சாமிக்கும் சித்த நேரம் ஓய்வு வேணுமுங்க. வெட்டிப்போட்டு வண்டிய எடுங்க மாமா."

வெட்டினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. ஒரு ஸ்விட்ச் வைத்து முடித்தபோது மணி பத்து.

வேகமாகத்தான் ஓட்டினேன், ஆனால் அறுபதைத் தாண்டினால் கட்டிலில் இவளுக்கு இடுப்பு குலுங்கியது. தூங்கவும் நிறுத்த வேண்டியிருந்தது. ஓடுகிற வண்டியில் இன்ஜினே படுக்கைப் பேட்டரிக்கும் கரண்ட் ஏற்றிக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலையே அது நிரம்பிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை அந்தக் கோளாறோடு கிளம்பியிருந்தாலும் இப்படியே ஏறியிருக்கும். சாமி விளக்கு எரிந்தபடியே நாங்கள் புதன்கிழமை போய்ச் சேர்ந்திருப்போம். ரிக்கை வைத்து ஊருக்கெல்லாம் ஞானம் சொன்ன எனக்கு இந்தக் கணக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரிதான்.

வெள்ளி சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவின் மகன் வாசலிலேயே நின்றிருந்தான். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுங்க சித்தப்பா. உள்ள போறதுக்கு முன்னால ரொம்ப நேரம் உங்களத்தான் கேட்டுட்டு இருந்தாங்க" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள்தான் பார்க்க விட்டார்கள், ஒருத்தருக்கு மட்டும். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். இவள் கையைப் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டே இருந்தார், கண்ணில் நீர் வழிந்தது. இவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிப் பதில் சொன்னாள். பத்து நிமிஷம் இருக்கும். கேட்டுவிட்டாள், அக்கா சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டார் என்று எனக்குள் ஒரு பாரம் இறங்கியது.

வெளியே வந்தவளைக் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். விசிறியைப் போட்டேன், நன்றாகச் சுற்றியது.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வெளங்கலீங்க" என்றாள். "எல்லாத்துக்கும் செரியக்கா, செரியக்கான்னு சொல்லிப்போட்டு வந்தேன்."