குழாயோடு இரண்டு குண்டிக்காய்

கல்லணைக் கால்வாய்க் கரையில் பூதலூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கறிக்கடையில் மூன்று மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். எனக்கு இது பழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கோடியக்கரை உப்பளம், அதிராம்பட்டினம் ஐஸ் பிளான்ட். எங்கே தப்பு செய்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன்.

அன்றைய தப்பு இது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆட்டுக் குண்டிக்காய், அதாவது கிட்னி, கொண்டுபோகச் சொன்னார் கடைக்கார பாய். கடையில் செய்கிறபடியே கொழுப்பை உரித்து, குழாயை ஒட்ட நறுக்கி, பளபளவென்று கழுவிக் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா டப்பாவைத் திறந்ததும் முகம் மாறியது. "ஐயோ, ரத்தக்குழாயை வெட்டிட்டீங்களே" என்றார். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

மூன்றாம் முறை அடித்தபோது எடுத்தேன். அவர்தான். பாயிடம் நம்பர் வாங்கினாராம்.

"எங்க இருக்கீங்க?"

"பூதலூர் கிட்ட மேடம்."

"அங்க என்ன வேலை?"

"ஒண்ணும் இல்லை. போய்ட்டிருக்கேன்."

"குழாய் வேணும்னு நான் சொல்லலை. அது என் தப்பு. குழாய் வழியா மருந்து ஏத்தினாத்தான் உள்ள இருக்கற வடிகட்டியை எண்ண முடியும். நாளைக்குக் காலைல மட்டும்தான் எனக்கு ஸ்கேன் மெஷின் குடுத்திருக்காங்க. விட்டா மறுபடி எப்ப குடுப்பாங்கன்னே தெரியாது. புதுசா ரெண்டு, குழாயோட கொண்டு வாங்களேன்."

என் தப்பில் பங்கு எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அடுத்த ரயிலில் திரும்பினேன்.

விடிகாலையில் ஆடு அறுக்கும் இடத்துக்குப் போனேன். பாய் சிரித்தார்.

"வாங்க மாப்ள. ஊர் சுத்தி முடிஞ்சுதா?"

"பாய், ரெண்டு குண்டிக்காய நானே எடுத்துக்கறேன். குழாயோட வேணும்."

"குழாயோட யாருப்பா திம்பாங்க?"

"திங்க இல்ல பாய், எண்ணறதுக்கு."

"எண்ணறதுக்கா? ஆட்டுக்கு ரெண்டுதானப்பா!"

குண்டிக்காய்க்குள் ரத்தத்தை வடிகட்டும் குட்டி முடிச்சுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. குளோமெருலஸ் என்பார்கள். வழக்கமாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்கள். இரும்பு சேர்ந்த ஒரு புரதத்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் அது அந்த முடிச்சுகளில் ஒட்டிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. படத்தில் ஒவ்வொன்றும் கரும்புள்ளியாக விழும்.

"வயல்ல வேலை பாக்குறவங்களுக்குக் கிட்னி கெடுறது ரத்த டெஸ்ட்ல தெரியறதுக்குள்ள பாதி போயிடுது. அறுக்காம எண்ண முடிஞ்சா முன்னாடியே சொல்லலாம். முதல்ல ஆட்டுல காட்டணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு நான் கொண்டுபோனதில் ஒன்றின் குழாயில் டியூபைச் சொருகி, உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கழுவச் சலைன் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "உயரத் தூக்கிப் பிடிங்க. காத்து மட்டும் உள்ள போயிடக் கூடாது. குமிழியும் கருப்பாத்தான் விழும். அதையும் வடிகட்டின்னு எண்ணிடுவோம்."

அவர் அந்தப் பக்கம் திரும்பி மருந்து கலந்தார். நான் மெஷினை வேடிக்கை பார்த்தேன். ஒரு சொம்பு நுழையும் அளவுக்குத்தான் துளை. திரும்பிப் பார்த்தால் பாட்டில் காலி. டியூபில் காற்று இறங்கி, குமிழ் குமிழாய்க் குண்டிக்காய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

"மேடம், காத்து போயிடுச்சு. பராக்குப் பாத்துட்டேன்."

அவர் வந்து டியூபை அடைத்தார்.

"இன்னொண்ணு இருக்குல்ல? பாட்டில் பாதியானதும் குரல் குடுங்க."

அடுத்ததற்குப் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாதி மேடம்... கால் மேடம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். "காது கேக்குதுங்க எனக்கு" என்றார்.

அவர் மருந்தை ஏற்றி அதை மெஷினுக்குள் வைத்தார்; இரண்டு மணி நேரம் கழித்துப் படம் வந்தது. குண்டிக்காயின் விளிம்பு முழுக்க எள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, "தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. தப்பு நடந்தால் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். படத்தில் விழுந்த பிறகு குமிழி எது, முடிச்சு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அன்று என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் இதை நான் கற்றிருக்க மாட்டேன். டாக்டரம்மாவுக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு.

நான் பையை எடுத்தபோது, "எங்க கிளம்பிட்டீங்க? மெஷின்ல இன்னும் நேரம் இருக்கு. அந்தக் காத்து போனதையும் வைங்க. குமிழி எப்படித் தெரியும்னு எங்களுக்கு ஒரு படம் வேணும். இங்கயே வேலைக்குச் சேந்துடறீங்களா?" என்றார்.

பையைக் கீழே வைத்தேன். நான் கெடுத்த குண்டிக்காயை மெஷினுக்குள் வைத்ததுதான் அந்த உத்தியோகத்தில் என் முதல் வேலை.