காற்றாலைக்குள் இருந்த ஏணி

கல்லூரி பஸ்ஸின் ஜன்னல் வழியே, சாரலுக்குள் மெல்லச் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். படிப்பு முடிந்ததும் அங்கேதான் வேலை என்று ஒரு கனவு. பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பமும் நிரப்பிவிட்டேன். அனுப்பும் முன், அச்சன்புதூர் பக்கம் ஒரு காற்றாலையில் வேலை பார்க்கும் எங்கள் கல்லூரி சீனியர் அக்காவிடம் விசாரிக்கப் போனேன்.

எழுதிப்போன பத்துக் கேள்விகளுக்கும் திருப்தியான பதில். கிளம்பும்போது சும்மா கேட்டேன்.

"அக்கா, இந்தக் காத்தாடிக்கு உள்ள என்ன இருக்கு?"

"வந்து பாரேன்" என்று கோபுரத்தின் கதவைத் திறந்தார். கண்ணுக்கெட்டாத உயரத்துக்கு ஒரு இரும்பு ஏணி செங்குத்தாகப் போனது.

"இதுலயா ஏறுதீங்க?"

"ஏறாம எப்படி ரிப்பேர் பாக்க?"

அண்ணாந்ததுமே எனக்குத் தலை சுற்றியது. மொட்டைமாடி ஓரத்தில் நிற்கவே பயப்படுகிறவள் நான்.

அக்கா சிரித்துவிட்டார். "காத்து எப்போ எவ்வளவு அடிக்கும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கிற வேலையும் இருக்குட்டி. அதை விசாரிச்சுப் பாரு."

விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இப்போது வேலை பற்றி விசாரிக்க யாரைச் சந்தித்தாலும், கேள்விகள் எழுதிய தாளை எடுக்கும் முன் அவர்கள் வேலை பார்க்கும் இடத்தைக் காட்டச் சொல்கிறேன். போன வாரம் காற்றைக் கணிக்கும் ஒருவர் தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் திரையின் வரைபடத்தில், செங்கோட்டைக் கணவாய்க் காற்று நீலமாக நகர்ந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

- ஒரு கல்லூரி மாணவி, மேலகரம்