ஓரகத்தி தூக்கிய எடை

என் ஓரகத்தியும் நானும் ஒரே சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைச் சுமப்பவர்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஒருத்தி முதுகில் ஒருத்தி தைலம் தேய்த்து, சேர்ந்தே முனகுவோம். வீட்டில் உடற்பயிற்சியாக எடை தூக்கப் பழகிய பிறகு அவள் தைலப் பக்கமே வருவதில்லை.

“வலி போயிடுச்சாடி?” என்று கேட்டேன்.

“இருக்குக்கா. முன்ன மாதிரி என்னை மிரட்டுறதில்ல, அவ்வளவுதான்.”

எனக்கு வயிறு எரிந்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அறை மூலையில் அவள் வைத்திருந்த எடைகளிலேயே பெரியதைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் சாய்ந்தேன்.

திரும்பி வந்தவள், “சின்னதுல ஆரம்பிக்கக் கூடாதாக்கா?” என்றபடி என்னை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள்.

பாவி, மூச்சுகூட வாங்கவில்லை.